வரங்கள் பலவும் ஊழியம் ஒன்றும்

‘ஊழியம்’ என்னும் சொல் செவியிற் பட்டவுடன் நம்மிற் பலருக்கு மனக்கண்முன் தோன்றுவது வெள்ளங்கி அணிந்து பிரசங்க பீடத்தில் நிற்கும் குருவானவரின் உருவமே. அதற்கடுத்து, தெருமுனையில் நின்று சுவிசேஷம் கூறும் உபதேசியாரின் உருவம் தோன்றலாம். இவ்விரண்டிற்கும் அப்பால் நம் எண்ணம் செல்வது அரிது. ‘இன்னார் மகன் ஊழியத்திற்குப் போய்விட்டான்’ என்று ஊரார் கூறுவராயின், அவன் வேதசாஸ்திரக் கல்லூரியிற் சேர்ந்துவிட்டான் என்பதே பொருள். மருந்து கலந்து கொடுப்பவனையும், பள்ளிக்கூடத்திற் கணக்குக் கற்பிப்பவனையும், சபையின் வரவு செலவை எழுதி வைப்பவனையும், தையல் வேலை செய்து பிழைப்பவளையும் குறித்து எவரும் அவ்வாறு கூறுவதில்லை.

இவ்வழக்கினின்றும் இரு தீமைகள் விளைகின்றன. நாவன்மையில்லாத இளைஞன், கடவுளுக்குத் தொண்டு செய்யும் பேறு தனக்கு இல்லையென்று மனஞ் சோர்கின்றான். அல்லது தனக்கு இயல்பல்லாத பணியை மேற்கொண்டு, தானும் வருந்திப் பிறரையும் வருத்துகின்றான். இஃது ஒன்று. மற்றொருவனோ, ஊழியம் என்பது குருமாருக்கே உரியது, நமக்கு உரியது சம்பளமும் குடும்பமுமே என்று துணிந்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவிர மற்றெந்நாளிலும் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டாதவனாய் வாழ்கின்றான். இஃது இரண்டாவது. கல்லூரிப் படிப்பு முடிந்து எவ்வழி செல்வோம் என்று திகைத்து நிற்கும் மாணவராகிய நமக்கு இவ்விரண்டும் அண்மையிலுள்ள ஆபத்துக்கள். ஆதலின், வரம் என்பது யாது, ஊழியம் என்பது யாது, இவை தம்முள் எவ்வாறு இயைகின்றன என்பதை இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் சொற்களையே நோக்குவாம். ‘ஊழியம்’ என்பது இன்று திருச்சபையிற் பெருமைக்குரிய சொல்லாக விளங்குகின்றது. ஆயின், முற்காலத் திருவிதாங்கூர் நாட்டிலே ஊழியம் என்பது கூலி கொடாது வாங்கப்பெற்ற கட்டாய வேலையின் பெயராயிருந்தது. சுமை தூக்குவோரும் மண் வெட்டுவோருமே அங்கு ஊழியம் செய்தனர். இத்தகைய தாழ்ந்த சொல்லையே நம் முன்னோர் கடவுட்பணிக்குப் பெயராக வழங்கினர். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலும் நிலை இதுவே. அங்கு ஊழியத்தைக் குறிக்கும் ‘தியாக்கோனியா’ என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் பந்தியில் நின்று உணவு பரிமாறுதல் போன்ற ஏவற்பணி என்பதாம். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையிலே விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிடுவதிற் குறை நேர்ந்தபோது, ஸ்தேவான் முதலிய எழுவர் தெரிந்துகொள்ளப்பட்ட வரலாறு கூறப்படுகின்றது. ஆங்கே உணவு பங்கிடுதலுக்கு வழங்கப்பெற்ற அதே சொல், சில வரிகளின் பின்னர், வசனத்தைப் போதித்தலுக்கும் வழங்கப்பெறுவது கருதத்தக்கது. சோற்றுப் பாத்திரமும் ஊழியம், வேதவசனமும் ஊழியம். பணிகள் வேறு, பெயர் ஒன்றே.

இனி ‘வரம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வாம். நம் நாட்டுப் புராணங்களில் வரம் என்பது தவத்தின் பயனாகப் பெறப்படுவது. நெடுங்காலம் நோற்றவன் அதனைப் பெறுகின்றான். பெற்றபின் தன் விருப்பப்படி பயன்படுத்துகின்றான். தான் தொட்டவர் தலை சாம்பலாக வேண்டுமென வரம் பெற்ற பஸ்மாசுரன் கதையைச் சிறுவரும் அறிவர். அவன் வரமே அவனுக்குக் கூற்றாய் முடிந்தது. பவுல் அப்போஸ்தலர் வழங்கும் ‘கரிஸ்மா’ என்னும் கிரேக்கச் சொல்லையும் நாம் வரம் என்றே மொழிபெயர்க்கின்றோம். ஆயினும் இரண்டிற்கும் வேற்றுமை பெரிது. ‘கரிஸ்’ என்பது கிருபை. அதனின்றும் பிறந்த ‘கரிஸ்மா’ கிருபையின் கொடை. அது நோற்றுப் பெறுவதன்று, இலவசமாய் வருவது. ஆதலின் அதனைக் கொண்டு எவரும் பெருமை பாராட்டுதற்கு இடமில்லை. அது பெற்றவனுக்காகக் கொடுக்கப்படுவதுமன்று. பிறருடைய பயனுக்காக அவனிடம் ஒப்புவிக்கப்படுவது. தனக்கென்றே வைத்துக்கொள்ளப்பட்ட வரம் பஸ்மாசுரன் கையாகிவிடும்.

இவ்வுண்மையைப் பவுல் விரித்தெழுத நேர்ந்தது கொரிந்துப் பட்டணத்துச் சபையின் பொருட்டாகும். கொரிந்து இருபுறமும் துறைமுகம் உடைய செல்வ நகரம். அங்குள்ள சபையிலே செல்வரும் வறியரும், அடிமைகளும் எசமான்களும் கலந்திருந்தனர். கூடி உண்ண வேண்டிய திருவிருந்திலேயே சிலர் வயிறார உண்ண, வேறு சிலர் பசித்திருந்தனர். இந்நிலையிற் பலரும் கண்டு வியக்கும் வரங்களை, சிறப்பாக அந்நிய பாஷைகளிற் பேசும் வரத்தைப் பெற்றவர்கள் தம்மை உயர்ந்தோராகவும் ஏனையோரைத் தாழ்ந்தோராகவும் எண்ணத் தலைப்பட்டனர். கி.பி. 55ஆம் ஆண்டையொட்டி எபேசுவினின்றும் பவுல் எழுதிய முதலாம் நிருபம் இந்நோய்க்கு மருந்தாக வந்தது. ஆகவே, வரங்களைப் பற்றிய போதனை அமைதியான ஓர் ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. தாழ்த்தப்பட்டோரின் மனப்புண்ணை ஆற்றப் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பவுல் தம் நிருபங்களிற் சில இடங்களில் வரங்களை வரிசைப்படுத்திக் கூறுகின்றார். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 12ஆம் அதிகாரம், ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரம், எபேசியர் நிருபம் 4ஆம் அதிகாரம் ஆகியவை முக்கியமானவை. பேதுருவின் முதலாம் நிருபத்திலும் இக்கருத்துச் சுருக்கமாகக் காணப்படும். இவற்றை ஒப்பிட்டு நோக்குங்கால், ஒரு பட்டியல் மற்றொன்றோடு முற்றும் ஒத்திருக்கவில்லை. இதனால், இவை முடிந்த கணக்கு அல்ல, எடுத்துக்காட்டுகளே என்பது பெறப்படும். போதித்தல், தீர்க்கதரிசனம், குணமாக்குதல் ஆகியவற்றோடு ஒருங்கே, பிறருக்குக் கொடுத்தல், இரக்கஞ் செய்தல், உதவி செய்தல், ஆளுகை செய்தல் ஆகியவையும் வரங்களாக எண்ணப்படுகின்றன. ஆளுகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடித்து நடத்துதல் என்னும் பொருளுடையது. துறைமுக நகரத்தாருக்கு இச்சொல்லின் அருமை நன்கு விளங்கியிருக்கும். மீகாமன் பிரசங்கம் செய்வதில்லை. ஆயினும் அவனில்லாவிடிற் கப்பல் கரை சேராது. சபையின் கணக்கைப் பிழையற எழுதுவோனும், கூட்டத்தை ஒழுங்குற நடத்துவோனும் இத்தகைய மீகாமர் அல்லரோ?

பழைய ஏற்பாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தேவனுடைய ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் முதன்முதல் வெளிப்படையாகக் கூறுவது எவனை என்று நோக்கின் நாம் வியப்படைவோம். அவன் தீர்க்கதரிசியல்லன், ஆசாரியனுமல்லன், யூதா கோத்திரத்துப் பெசலெயேல் என்னும் கைவினைஞன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினக் கற்களை வெட்டிப் பதிக்கவும், மரத்திற் சித்திர வேலை செய்யவும் அவன் ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் கூறும். அவனுக்குத் துணையாகத் தாண் கோத்திரத்து அகோலியாப் நியமிக்கப்பட்டான். ஆட்டுமயிரைத் திரித்த பெண்களும் அவ்வேலையிற் பங்கு பெற்றனர். ஆசரிப்புக் கூடாரத்தில் மோசேயின் நாவுக்கு இடமிருந்ததுபோலவே பெசலெயேலின் உளிக்கும், பெண்களின் கதிருக்கும் இடமிருந்தது.

பவுல் கையாண்ட உருவகங்களுள் யாவரும் அறிந்தது உடலும் உறுப்புகளும் என்பது. இவ்வுருவகம் அவருக்கு முன்னரும் வழங்கியது. ரோமாபுரியிலே வறிய குடிமக்கள் உயர்குடியினரோடு பிணங்கி நகரை விட்டு நீங்கியபோது, மெனேனியு அகிரிப்பா என்பார், வயிற்றோடு பகைத்த உறுப்புகள் தாமே மெலிந்த கதையைக் கூறி அவர்களைத் திரும்பச் செய்தார் என்று லிவி என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார். அக்கதையின் கருத்து, கீழோர் மேலோருக்கு அடங்கிப் பணி செய்தல் வேண்டும் என்பதே. சமுதாயத்தை ஓர் உடலாகவும், மக்கட் பிரிவுகளை அதன் மேலுறுப்பும் கீழுறுப்புமாகவும் கூறும் மரபு நம் நாட்டுப் பழநூல்களிலும் காணப்படுகின்றது. பவுலோ அவ்வுருவகத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். கண் கையை நோக்கியும், தலை காலை நோக்கியும் நீ எனக்கு வேண்டாம் என்று கூறல் இயலாது என்றும், பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் வேண்டப்படுவன என்றும், கனவீனமாய்த் தோன்றுவனவற்றிற்கே கடவுள் அதிக கனத்தைக் கொடுத்தார் என்றும் அவர் வாதிக்கின்றார். ரோமன் கதை காலுக்கு அறிவுரை கூறியது. பவுலின் நிருபமோ தலைக்கு அறிவுரை கூறுகின்றது.

வரங்கள் ஒன்றோடொன்று கூடியே ஒரு பணியை முடிக்கின்றன என்பதற்கு, வரங்களைப் பட்டியலிடும் ரோமர் நிருபமே சிறந்த சான்றாகும். அதன் கருத்துக்கள் பவுலுடையன. ஆயின் அதனை ஏட்டில் எழுதிய கை தெர்தியு என்பவனுடையது; இறுதி அதிகாரத்தில் அவன் தன் பெயரைக் கூறித் தானும் வாழ்த்துச் சொல்லுகின்றான். எழுதுங்காலத்து இருக்க இடமும் உண்ண உணவும் உதவியவன் காயு. கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியும், பலருக்குப் பொருளால் ஆதரவளித்தவளுமாகிய பெபேயாளே இந்நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டு சென்றாள் என்பது அறிஞர் பலரின் துணிபு. சிந்தித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், விருந்தோம்பியவர் ஒருவர், சுமந்து சென்றவர் ஒருவர். இவர்களுள் ஒருவர் தம் பங்கைத் தவறவிட்டிருப்பின், அந்நிருபம் இன்று நம் கையில் இருக்குமோ?

இதனையொத்த நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்ததுண்டு. அது தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய வரலாறு. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கினால் அனுப்பப்பெற்ற சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் எழுத்தைக் கற்றது திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் விரலால் எழுதியேயாம் என்பர். ஆசிரியர் ஒருவரும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரும், ஓலையில் எழுதுவோர் சிலரும் அவருக்கு உதவினர். 1708ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711ஆம் ஆண்டில் முடித்தார். மொழிபெயர்ப்பின் பெருமை அவருடையது. அதனை எவரும் குறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பு முடிந்தவுடன் நூல் ஆகிவிட்டதா? அதனை அச்சிட வேண்டுமே! இலண்டனிலிருந்த கிறிஸ்தவச் சங்கத்தார் அச்சியந்திரம் ஒன்றைக் கப்பலில் அனுப்பினர். அக்கப்பல் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மீட்கப்பட்டது. உடன் வந்த அச்சுத் தொழிலாளரோ தரங்கம்பாடியைக் காணாமலே வழியில் இறந்தார். யந்திரம் வந்தது, அதனை இயக்க ஆளில்லை. அப்போது டேனியக் கம்பெனியின் படையிலிருந்த ஜெர்மானியச் சிப்பாய் ஒருவர் அத்தொழில் அறிந்தவராகக் காணப்பட்டார். தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவற்றை வார்த்த தொழிலாளர் தமிழ் மொழியை அறியாதவர்கள். அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால் நூல் முழுவதையும் அச்சிடப் போதிய காகிதம் இல்லை. பின்னர் ஆட்லர் என்னும் தொழிலாளர் இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார். 1714ஆம் ஆண்டில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ஆம் ஆண்டில் ஏனைய நிருபங்களும் அச்சாகி முடிந்தன. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றிற் காகித ஆலையும் நிறுவப்பட்டது.

இன்று சீகன்பால்குவின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். அவருக்குச் சிலையும் உண்டு. அச்சியந்திரத்தை இயக்கிய சிப்பாயின் பெயரைக் கேட்டால் நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்? ஆட்லரின் விரல்களிற் படிந்த ஈயக் கறையை எண்ணிப் பார்த்தவர் யார்? ஆயினும் அவர்கள் இலராயின், அம்மொழிபெயர்ப்பு ஓலைக்கட்டாய்ச் சிலர் வீட்டில் மட்டும் கிடந்திருக்கும். மொழியறிவு ஒரு வரம். ஈயத்தை உருக்கி எழுத்து வார்ப்பதும் ஒரு வரம். இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் தமிழர் கைக்கு வேதம் வந்தது.

அதன்பின் வந்த நூற்றாண்டுகளிலும் வரங்கள் பல வழியாக வெளிப்பட்டன. தஞ்சையிற் பிறந்த அந்தண விதவையாகிய குளோரிந்தா அம்மையார், 1778ஆம் ஆண்டிற் சுவார்த்து ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் 1785ஆம் ஆண்டிற் கோயில் ஒன்று எழுப்பினார். கொடுத்தலே அவர் கையில் வரமாயிற்று. திருநெல்வேலி நாட்டுச் சபைகளில் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்து வைத்துப் படைத்த பெண்கள் பலரின் பெயரும் எழுதப்படவில்லை. அப்பிடியரிசியும் அதே வரத்தின் வேறு வடிவமேயாகும். வைணவக் குடியிற் பிறந்து, கம்பன் கவியில் ஊறிய ஹென்றி ஆல்பிரெட் கிருஷ்ண பிள்ளை அவர்கள், தாம் முன்னரே பெற்றிருந்த தமிழ்ப் புலமையைக் கிறிஸ்துவின் பாதத்தில் வைத்து, 1894ஆம் ஆண்டில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார். மனமாற்றம் அவருடைய யாப்பறிவை அழித்துவிடவில்லை. அதற்குப் புதிய தலைவரைக் கொடுத்தது. தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளற்பாலம்.

கடல் கடந்த யாழ்ப்பாணத் தமிழரிடையே பணி செய்த டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்களையும் இங்கே குறித்தல் தகும். அமெரிக்க மருத்துவராகிய இவர் 1847ஆம் ஆண்டில் அங்குச் சென்று, மானிப்பாயிலே நோய் தீர்த்ததோடு அமையாது, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே தமிழ் இளைஞருக்குக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அதற்கென அருஞ்சொற்களை வகுத்தார். அவரிடம் மருத்துவ அறிவும் மொழியறிவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒருவருக்கு ஒரு வரமே அமையும் என்னும் நியதி இல்லை. இரு வரங்களைப் பெற்றவர் அவற்றை இணைக்கும் வழியைத் தேடுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்ட ஒருவர் பின்வருமாறு தடை எழுப்பலாம். ‘அவரவர்க்கு ஒவ்வொரு பணி, அவரவர் தம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதன்றோ இப்போதனை? இது குலத்தொழில் முறையினின்றும் எவ்வாறு வேறுபடும்?’ என்பது அத்தடை. இஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏனெனின் நம் சபைகளின் வரலாற்றிலேயே இவ்விரண்டும் குழம்பியதுண்டு. தஞ்சை மன்னர் படையிற் பணி செய்த இராஜநாயக்கன் என்பவர், 18ஆம் நூற்றாண்டிற் சுவிசேஷ நூல்களைத் தாமே படித்து, தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்து, பல்லாண்டு சிறந்த உபதேசியாராக உழைத்தார். அவருடைய பக்தியையும் போதனைத் திறத்தையும் மிஷனெரிமார் நன்கு அறிந்திருந்தனர். எனினும் அவர் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர் என்னுங் காரணத்தால், மேற்குலத்துக் கிறிஸ்தவர் அவர் கையினின்றும் நற்கருணை பெற இசையார் என்று அஞ்சி, அவருக்குக் குருப்பட்டம் அளியாது விட்டனர். அக்காலக் கோயில்களில் குலத்திற்கு ஏற்பத் தனித்தனி இடங்களிலே மக்கள் அமர்ந்தனர். 1833ஆம் ஆண்டிற் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் அவர்கள் சபையில் சாதி வேற்றுமை அறவே நீக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு நீங்கினவர் பலர்.

ஆவியானவர் கொடுத்த வரத்தைப் பிறப்பு தடுத்த கதை இது. பவுலின் போதனை இதற்கு நேர் எதிரானது. ஆவியானவர் தமது சித்தத்தின்படி அவனவனுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார் என்பதே அவர் கூற்று. குலத்திற்கு இன்னது, குடும்பத்திற்கு இன்னது என்று அவர் கூறவில்லை. குலத்தொழில் தந்தையைப் பார்த்து மகனுக்கு வேலை வகுக்கின்றது. வரமோ கொடுப்பவரைப் பார்த்து வருவது. அது எவர் வீட்டிலும் எவரிடத்தும் தோன்றலாம். ஆதலின், ஒருவனிடம் வெளிப்படையாய்த் தோன்றும் வரத்தை அவன் பிறப்பையோ, வறுமையையோ, பெண் என்பதையோ காரணங் காட்டித் தடுப்போமாயின், நாம் தடுப்பது அம்மனிதரை மட்டுமன்று. ‘துப்புரவுப் பணியும் ஊழியமே’ என்று பீடத்தினின்றும் புகழ்ந்துவிட்டு, அப்பணியை என்றும் ஒரு சாராருக்கே ஒதுக்குதல் வரங்களின் போதனையன்று. அப்போதனையின் ஆடையைப் புனைந்து நிற்கும் பழைய அநீதியேயாகும்.

இரண்டாவது தடை மறுபுறத்தினின்றும் வரும். ‘என் வரம் இதுவன்று’ என்று கூறித் தப்பிக்கொள்ளுதல் அது. நோயாளியைக் காணச் சொன்னால், அது எனக்கு வரமன்று என்பர். பசித்தவனுக்குக் கொடுக்கச் சொன்னால், கொடுத்தல் வேறொருவர் வரம் என்பர். இதனை முன்னறிந்தே பவுல், வரங்களைப் பேசும் 12ஆம் அதிகாரத்திற்கும் 14ஆம் அதிகாரத்திற்கும் நடுவே, அன்பைப் பேசும் 13ஆம் அதிகாரத்தை அமைத்தார் போலும்! அவ்வதிகாரத்தைத் திருமணங்களில் வாசிக்கக் கேட்டுப் பழகிய நாம், அது வரங்களைப் பற்றிய வாதத்தின் நடுப்பகுதி என்பதை மறந்துவிடுகின்றோம். வரங்கள் பலருக்குப் பலவாறாகப் பகிரப்படும். அன்போ எல்லார்க்கும் பொது. அன்பு இல்லாவிடத்து எவ்வரமும் ஒலி மட்டுமே உடைய வெண்கலமாகும். இரக்கஞ் செய்தல் சிலருக்குத் தனிச் சிறப்பாய் அமையலாம். இரக்கமின்றி இருத்தற்கு எவருக்கும் உரிமையில்லை.

எனின், நமக்குரிய வரம் யாது என்று அறிவது எவ்வாறு? மூன்று குறிகளைக் கூறலாம். முதலாவது, நம் கண்முன் நிற்கும் தேவை. மிஷனெரிக் குடும்பத்திற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இளமையில் இந்தியாவிற் பணி செய்யும் எண்ணமில்லாதவராயிருந்தார். ஓரிரவில், பிரசவத்தில் வருந்திய தம் மனைவியருக்கு உதவ வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக அவரை நாடி வந்தனர். ஆண் மருத்துவர் தொடுதலை அவர்கள் ஒப்பவில்லை. அவரோ மருத்துவம் கல்லாதவர். விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அவர் வாழ்வைத் திருப்பிற்று. 1899ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து, 1902ஆம் ஆண்டில் மருத்துவமனையையும், 1918ஆம் ஆண்டிற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். அவருக்கு அழைப்பு வானத்தினின்றும் வந்த குரலாக வரவில்லை. கதவைத் தட்டிய ஓசையாக வந்தது.

இரண்டாவது, பிறருடைய சாட்சி. எருசலேமின் எழுவரும் தம்மைத் தாமே நியமித்துக்கொள்ளவில்லை; சபையாரே அவர்களைத் தெரிந்துகொண்டனர். நம் திறமையை நாம் மிகுத்தும் மதிக்கலாம், குறைத்தும் மதிக்கலாம். நம்மை நன்கறிந்த ஆசிரியரும் நண்பரும் கூறும் சொல் நமக்குத் துலாக்கோலாகும். மூன்றாவது, பயிற்சி. வரம் கொடையாயினும், அது உழைப்பை வேண்டாத கொடையன்று. தீமோத்தேயுவிடம் இருந்த வரத்தை அனலாக மூட்டும்படி பவுல் அவருக்கு எழுதினார். நீறு பூத்த நெருப்பை ஊதாது விட்டால் அது அவிந்துபோம். கல்லூரியில் நாம் செலவிடும் ஆண்டுகள் ஊழியத்திற்கு முற்பட்ட வீண்காலமல்ல. நெருப்பை ஊதும் காலம். மருந்தின் அளவைப் பிழையாகக் கற்ற மருத்துவனின் பக்தி நோயாளியைக் காவாது. இலக்கணப் பிழை மலிந்த மொழிபெயர்ப்பை ஆர்வம் மட்டும் திருத்திவிடாது.

‘எனக்குள்ளது மிகச் சிறிய வரம்’ என்று தளர்வோருக்கு ஒரு கணக்கை நினைவூட்டுவாம். ஆண்டவர் கூறிய உவமையில் ஒருவன் ஐந்து தாலந்தும், ஒருவன் இரண்டும், ஒருவன் ஒன்றும் பெற்றனர். தாலந்து என்பது அக்காலத்து ஒரு பெரிய நிறையளவு; அதன் வெள்ளி ஏறக்குறைய 6000 பணம் மதிப்புடையது. ஒரு பணம் கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஆகவே, ஒரே தாலந்து பெற்றவன் கையிலிருந்தது ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் மதிப்பு! அவன் ஏழையல்லன், பக்கத்திலிருந்தவனுடைய ஐந்தைப் பார்த்தமையால் ஏழையானான். அவன் குற்றம் குறைவாகப் பெற்றதன்று, பெற்றதை மண்ணிற் புதைத்ததேயாம். யோப்பா பட்டணத்துத் தொற்காளிடம் இருந்தது ஊசியும் நூலுமே. அவள் இறந்தபோது விதவைகள் அழுது காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை. வேதம் அவள் பேசிய ஒரு சொல்லையும் எழுதி வைக்கவில்லை. அவள் தைத்த உடைகளை எழுதி வைத்தது.

மாணவ நண்பர்காள்! நம்முட் சிலர் பீடத்தில் நிற்போம். நிற்க அழைக்கப்பட்டோர் தயங்காது நிற்பாராக. நம்முட் பலர் பீடத்திற்குக் கீழே, பள்ளியறையிலும் மருத்துவமனையிலும் வயலிலும் அலுவலகத்திலும் அச்சுக்கூடத்திலும் நிற்போம். இடம் எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது யாருடைய பயனுக்காகச் செலவாகின்றது? அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோன் எத்தொழில் செய்யினும் ஊழியக்காரனே. அவ்வாறு கூறாதோன் வெள்ளங்கி அணிந்திருப்பினும் ஊழியக்காரனாகான். பல்வேறு வரங்களையும் பகிர்ந்தளித்த ஆவியானவர், அவற்றை ஒன்றாய்க் கட்டும் அன்பையும் நம் அனைவருக்கும் அருள்வாராக.